பீட் எழுதியது வரலாறா, தம் தரப்பின் வாதமா?

நெடுங்கணக்கு:
வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட் 731இல் எழுதி முடித்த 'ஆங்கிலேய மக்களின் திருச்சபை வரலாறு' நடுநிலையான வரலாற்றுக்கு முன்மாதிரி என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் பாகத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆங்கிலேயருக்கு முன்பே அத்தீவில் வாழ்ந்த கிறிஸ்தவர்களான பிரித்தானியரின் படை வெல்ல மன்றாட செஸ்டர் போர்க்களத்துக்கு வந்த வேல்ஸ் நாட்டுப் பேங்கர் மடத்துத் துறவிகளை, கிறிஸ்தவத்தைத் தழுவாத நார்தம்பிரிய அரசன் ஏதெல்பிரித் முதலில் வெட்டச் சொல்கிறான். ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள், 50 பேர் மட்டுமே தப்பினார்கள் என்று பீட் தாமே எழுதுகிறார். கையில் ஆயுதமே இல்லாத அவர்களுக்காக ஒரு வரிகூட அவர் வருந்தவில்லை. ஆங்கிலேயருக்கு நற்செய்தி சொல்ல ரோமாபுரியிலிருந்து வந்த கேன்டர்பரி அகுஸ்தீன், தம்மோடு சேர்ந்து பணிபுரிய மறுத்த பிரித்தானியருக்கு முன்னறிவித்த தண்டனை நிறைவேறிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். கொன்றவன் தம் நாட்டு அரசன், மாண்டவர்கள் தம்மைப்போன்ற துறவிகள் என்ற நிலையிலும் அவருடைய பேனா அரசன் பக்கமே சாய்கிறது.

வடகடல்:
அந்த அதிகாரம் கொடியது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை, ஐயா. ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மூன்றாம் பாகத்தில் லிண்டிஸ்பார்ன் ஆயர் எய்டனைப் பற்றி அவர் எழுதியதையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். எய்டன் அயர்லாந்து மரபில் வந்தவர். ஈஸ்டர் நாளைக் கணிப்பதில் அவர் பின்பற்றிய முறை தவறு என்பது, ரோமாபுரி முறையைப் பின்பற்றிய பீடின் உறுதியான கருத்து. அந்தக் கணிப்புக்காக 703இல் ஒரு சிறு நூலும் 725இல் ஒரு பெருநூலும் எழுதியவர் பீட். அப்படிப்பட்டவர் எய்டனை எப்படிக் காட்டுகிறார்? அரசன் ஓஸ்வின் கொடுத்த உயர்ந்த குதிரையைச் சேணத்தோடு ஒரு பிச்சைக்காரனுக்கு எய்டன் கொடுத்துவிடுகிறார். அரசன் கோபிக்கிறான், ஒரு குதிரைக் குட்டி இறைவனின் பிள்ளையைவிட உமக்குப் பெரிதா என்று ஆயர் கேட்கிறார். வேட்டையிலிருந்து திரும்பி நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த அரசன், அந்தக் கேள்வியை எண்ணிப் பார்த்து, இடைவாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆயரின் காலடியில் வந்து விழுகிறான். எதிர்த்தரப்பைச் சிறுமைப்படுத்துவதே நோக்கமாக இருந்திருந்தால் இந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்காது. ஈஸ்டர் விஷயத்தில் எய்டனின் அறியாமையைத் தாம் ஏற்கவில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அவரைப் புகழ்கிறார்.

முகவுரையையும் பாருங்கள். கென்ட் நாட்டுச் செய்திகள் மடத்துத் தலைவர் ஆல்பினஸ் வழியாக வந்தன, லண்டன் குரு நோத்தெல்ம் ரோமாபுரிக்குச் சென்று திருத்தந்தையின் ஆவணக் காப்பகத்தில் தேடிக் கடிதங்களைப் படியெடுத்து வந்தார், மேற்குச் சாக்சன்களைப் பற்றி ஆயர் டேனியல் எழுதி அனுப்பினார் என்று தகவல் வந்த வழியை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். எட்டாம் நூற்றாண்டில் இது அரிது.

நெடுங்கணக்கு:
எய்டன் ஆங்கிலேயருக்கு நற்செய்தி சொன்னவர். பிரித்தானியர் சொல்ல மறுத்தவர்கள். தம் இனத்துக்கு என்ன செய்தார்கள் என்பதே பீடின் அளவுகோல் என்பதற்குத் தங்கள் எடுத்துக்காட்டே சான்றாகிறது, நண்பரே.

அதைவிட என்னை உறுத்துவது அவருடைய மௌனம். 734 நவம்பர் 5 அன்று யார்க் ஆயர் எக்பெர்ட்டுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்திருக்கிறது. மடம் கட்டுகிறோம் என்று சொல்லி நிலத்தைச் சாசனமாக எழுதி வாங்கிக்கொண்டு மனைவி மக்களோடு வாழும் பிரபுக்களை அதில் கடுமையாகச் சாடுகிறார். மலைப்புறத்திலும் காட்டுப்புறத்திலும் உள்ள ஊர்கள் பல ஆண்டுகளாக ஆயரின் முகத்தையே பார்த்ததில்லை, ஆனால் ஆயருக்குச் செலுத்த வேண்டிய வரியிலிருந்து ஓர் ஊரும் தப்பவில்லை என்கிறார். இந்தச் சீர்கேடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடக்கிறது என்றும் அவரே கணக்குச் சொல்கிறார். அப்படியென்றால் 731இல் வரலாற்றை முடித்தபோது இதெல்லாம் அவருக்குத் தெரியும். நூலில் ஏன் இல்லை?

ஓலைச்சுவடி:
இருவர் வாதத்தையும் படித்தேன். நூலில் அறவே இல்லை என்பது சரியல்ல, ஐயா. ஐந்தாம் பாகத்தின் முடிவுப் பகுதியில், நார்தம்பிரியாவில் உயர்குடியினரும் எளியோரும் படைக்கலத்தைத் துறந்து மடம் புகுகிறார்கள், இதன் விளைவை அடுத்த தலைமுறை காணும் என்று எழுதியிருக்கிறார். கடிதத்தோடு சேர்த்துப் படித்தால் அது பாராட்டு அல்ல, எச்சரிக்கை என்பது விளங்கும்.

அவர் ஏன் அவ்வளவோடு நிறுத்தினார் என்பதற்கும் காலச்சூழல் உண்டு. நூலைக் காணிக்கையாக்கியது அரசன் கியோல்வுல்புக்கு. அதே 731இல் அந்த அரசனையே எதிரிகள் பிடித்து, தலையை மழித்து மடத்தில் தள்ளினார்கள். பிறகுதான் அரியணை திரும்பக் கிடைத்தது.

பீட் பயந்த சுபாவக்காரரும் அல்லர். உலகப் படைப்புக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் இடையே 5,000 ஆண்டுகளுக்கு மேல் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், எபிரேய மூலத்தைப் பின்பற்றிய திருவிவிலியப் பாடத்தைக் கொண்டு 3,952 என்று கணக்கிட்டார். 708இல், ஆயர் வில்பிரிட் முன்னிலையிலேயே, பீடைப் பேதகக்காரர், அதாவது திருச்சபைக் கோட்பாட்டுக்கு மாறானவர், என்று சிலர் பழித்தார்கள். அவர் கணக்கை மாற்றவில்லை. தம் மறுப்பை அந்த ஆயர் முன்பே படித்துக் காட்டும்படி கடிதம் எழுதி அனுப்பினார்.

ஏழு வயதில் மடத்தில் விடப்பட்டு, 735இல் இறக்கும்வரை அந்த வட்டாரத்தைவிட்டு அதிகம் வெளியே போகாதவர் அவர். உலகம்தான் அவரைத் தேடி வந்தது. மரணப்படுக்கையில் தம் பெட்டியிலிருந்த கைத்துணிகளையும் தூபத்தையும் மிளகையும் குருக்களுக்குப் பகிர்ந்து கொடுத்தாராம். அந்த மிளகு நம் மேற்குத்தொடர்ச்சி மலைச் சரிவில் விளைந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதைப்போலவே செய்திகளும் பல கை மாறித்தான் ஜாரோவுக்கு வந்து சேர்ந்தன.

நெடுங்கணக்கு:
கை மாறி வந்தன என்பது உண்மை. யார் யார் கை என்பதே என் கேள்வி. அவர் பெயர் சொல்லும் பட்டியலில் கென்ட், மேற்குச் சாக்சன், கிழக்கு ஆங்கிலியா, லிண்ட்சி, லாஸ்டிங்கம் எல்லாம் உண்டு. வேல்ஸ் நாட்டு மடம் ஒன்றுகூட இல்லை. ரோமாபுரிவரை ஆள் போய்த் தேடிக் கொண்டுவந்ததைப் பெருமையோடு பதிவு செய்தவர், பேங்கரில் தப்பிய அந்த 50 பேரின் வழிவந்தவர்கள் அந்த நாளை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்ததாக ஓரிடத்திலும் எழுதவில்லை. பிரித்தானியரின் பழைய கதைக்கு அவர் பெரிதும் நம்பியது பழைய பிரித்தானியத் துறவி கில்டாஸை. அவரோ தம் சொந்த இனத்தையே பழித்து எழுதியவர்.