பெலிப்பரின் வேகமும் களத்துக்கு வராத அமூங்கஸும்

பகிர்வு 1

போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளின் இரட்டையர் போட்டிகளுக்கான ரெகுலேஷன் எச் விதிகள் 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது நான் ஒரு மழை அணியைக் கட்டத் தொடங்கினேன். அந்த விதிகளில் புராணப் போக்கிமான்களுக்கும், பண்டைய, எதிர்கால வடிவங்களான பாரடாக்ஸ் போக்கிமான்களுக்கும் இடமில்லை என்பதால், அதுவரை அவற்றின் நிழலில் நின்ற ஆர்க்கலுடான் திடீரென்று முன்வரிசைக்கு வந்தது. அதன் எலெக்ட்ரோ ஷாட் தாக்குதல் வழக்கமாக ஒரு சுற்று முழுவதும் மின்னேற்றிக்கொண்டு அடுத்த சுற்றில்தான் பாயும். மழை பெய்யும்போதோ அதே சுற்றிலேயே பாய்வதோடு, பாய்வதற்கு முன் ஆர்க்கலுடானின் சிறப்புத் தாக்கு வலிமையையும் ஒரு படி உயர்த்திவிடும். எதிரி இன்சினரோரின் இன்டிமிடேட் திறன் இதைத் தொடாது, ஏனென்றால் அது குறைப்பது உடல் தாக்கு வலிமையை மட்டுமே. இப்படிப்பட்ட ஒன்றை நடுவில் வைத்து அணி கட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மழையைக் கொண்டுவரப் பெலிப்பர், மழையில் வேகம் இரட்டிப்பாகும் பாஸ்குலிஜியன், மழை நின்ற பின்னும் விரைந்து அடிக்க ஸ்னீஸ்லர், எதிரியின் கையைக் கட்டிப்போட இன்சினரோர், சில சுற்றுகளுக்கு மந்தமானவையே முதலில் எழும்படி செய்யும் டிரிக் ரூம் அணிகளைச் சந்திக்க அமூங்கஸ் என்று ஆர்க்கலுடானைச் சுற்றி ஐவரைச் சேர்த்தேன். விளையாட்டுக்குள் இவற்றை வளர்ப்பதற்கு முன், போக்கிமான் ஷோடவுன் என்னும் இணையத் தளத்தில் நாற்பது ஆட்டங்கள் ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்றும், ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அறுவரில் நான் அழைத்துச் சென்ற நால்வர் யார், எதிரியின் நால்வர் யார், ஆட்டம் எந்தச் சுற்றில் கைநழுவியது என்னும் மூன்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்றும் முடிவு செய்தேன். அந்த நோட்டு இல்லாவிட்டால் இப்போது எழுதப்போகும் எதுவும் எனக்குத் தெரிந்திருக்காது.

முதலில் பெலிப்பரைப் பற்றிச் சொல்கிறேன். தொடக்கத்தில் அதன் வேகத்தில், ஈவி என்னும் பயிற்சிப் புள்ளிகளில் இடக்கூடிய 252ஐயும் இட்டிருந்தேன். ஐம்பதாம் நிலையில் அதன் வேகம் அப்போது 117. தன் அணியின் வேகத்தைச் சில சுற்றுகளுக்கு இரட்டிப்பாக்கும் டெயில்விண்டை முந்திக்கொண்டு போட்டுவிட்டால், எட்டாம் தலைமுறை விளையாட்டுகளிலிருந்து வேகம் சுற்றின் நடுவிலேயே கணக்கிடப்படுவதால், பக்கத்தில் நிற்கும் ஆர்க்கலுடானுக்கு அதே சுற்றிலேயே பலன் கிடைக்கும் என்பது என் கணக்கு. கணக்கு தவறில்லை. ஆனால் ஆறாவது ஆட்டத்தில் எதிரே வெயிலைக் கொண்டுவரும் டார்கோல் வந்து நின்றது. இரண்டு வானிலைப் போக்கிமான்கள் ஒரே நேரத்தில் களமிறங்கினால் வேகமானதன் திறன் முதலில் செயல்படும். மந்தமானதன் திறன் பிறகு செயல்பட்டு முந்தையதை அழித்துவிடும். என் மழை ஒரு நொடி பெய்தது, அதன்மேல் டார்கோலின் வெயில் எரிந்தது, ஆர்க்கலுடான் வெட்டவெளியில் மின்னேற்றிக்கொண்டு நின்றது. அந்த ஆட்டம் நான்கே சுற்றுகளில் முடிந்தது.

அன்று இரவே பெலிப்பரை மந்தமாக்கத் தொடங்கினேன். புள்ளிகளை எடுத்துவிட்டால் 85, வேகத்தைக் குறைக்கும் நேச்சரையும் (இயல்பையும்) கொடுத்தால் 76, பிறவியிலேயே வரும் வேக ஐவி மதிப்பையும் சுழியமாக்கினால் 63. அதற்குக் கீழே வழியில்லை. டார்கோலோ எந்தப் புள்ளியும் இடாமலே 40தான், வேண்டுமென்றே மந்தமாக வளர்த்தால் 22. ஆகவே டார்கோலை இந்த வழியில் வெல்லவே முடியாது; பெலிப்பரைப் பின்னால் நிறுத்திவைத்து, வெயில் வந்த பிறகு உள்ளே அழைத்து மழையை மாற்றுவதுதான் வழி. ஆனால் டைரானிட்டாரின் கதை வேறு. வேகத்தில் எதையும் இடாத டைரானிட்டார் 81இல் நிற்கிறது; 85இல் இருக்கும் பெலிப்பரின் மழையை அதன் மணற்புயல் மூடிவிடும், 76இல் இருக்கும் பெலிப்பரின் மழையோ அந்த மணலைக் கழுவிவிடும். வெறும் ஐந்து புள்ளி இடைவெளி. நாற்பது ஆட்டங்களில் டெயில்விண்டை நான் உண்மையில் பயன்படுத்தியது பதினொரு முறை, அவற்றில் முந்திப் போட்டதால் ஆட்டம் திரும்பியது இரண்டே முறை என்று நோட்டு சொல்லியது. மழைதான் இந்த அணியின் உயிர் என்பதால் 76ஐத் தேர்ந்தெடுத்தேன், எடுத்த புள்ளிகளை அடிதாங்கும் பக்கம் மாற்றினேன். சுழிய ஐவி வேண்டாம் என்று விட்டதற்கும் காரணம் உண்டு: ஹைப்பர் டிரெய்னிங் என்னும் பயிற்சி ஐவியை உயர்த்தத்தான் உதவும், தாழ்த்த உதவாது, அதற்கென்று தனியாக முட்டை பொரிக்க வேண்டும்.

இனி அமூங்கஸ். ஒரு மாலை ஃபாரிகிராஃபும் உர்சலூனாவும் கொண்ட ஓர் அணியைச் சந்தித்தேன். இன்சினரோரையும் ஆர்க்கலுடானையும் முன்னே நிறுத்தி, ஃபாரிகிராஃப் டிரிக் ரூம் போடாதபடி, வேகத்தைப் பார்க்காமல் முந்திப் பாய்ந்து எதிரியை அந்தச் சுற்றில் முடக்கும் ஃபேக் அவுட்டை அதன்மேல் ஏவினேன். ஃபாரிகிராஃபின் ஆர்மர் டெயில் திறன் முன்னுரிமைத் தாக்குதல்களைத் தன் பக்கம் அண்டவே விடாது என்பதைப் படித்திருந்தேன், ஆனால் கை பழக்கத்தில் அதையே அழுத்திவிட்டது. டிரிக் ரூம் எழும்பியது. 49 வேகம் கொண்ட உர்சலூனா அடுத்த சுற்றில் முதலில் எழுந்து ஹெட்லாங் ரஷ்ஷால் ஆர்க்கலுடானை மண்ணோடு மண்ணாக்கியது. எஃகும் டிராகனும் கலந்த அதற்கு நிலவகைத் தாக்குதல் இரட்டிப்பாக வலிக்கும். தோற்ற பிறகு, டிரிக் ரூமுக்காகவே சேர்த்த அமூங்கஸ் ஒன்றுக்கும் உதவவில்லை, அதை நீக்கிவிட வேண்டும் என்று கோபத்தோடு நோட்டைத் திறந்தேன்.

நோட்டில் கண்டது என்னை நிறுத்திவிட்டது. அதுவரை டிரிக் ரூம் அணிகளை எட்டு முறை சந்தித்திருந்தேன். அந்த எட்டில் அமூங்கஸை அழைத்துச் சென்றது இரண்டு முறை மட்டுமே. ஆறு பேரில் நால்வரைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தொண்ணூறு விநாடிகளில், ஆர்க்கலுடான், பெலிப்பர், பாஸ்குலிஜியன் மூவரையும் ஒவ்வொரு முறையும் கை தானாகவே எடுத்துவிட, மிஞ்சிய ஓர் இடத்துக்கு மட்டுமே நான் யோசித்திருக்கிறேன். களத்துக்கே வராத ஒரு போக்கிமானைக் குற்றம் சொல்ல இருந்தேன். அணியைத் திருத்துவதற்கு முன் அணியைப் பயன்படுத்திய விதத்தைச் சோதிக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அடுத்த இருபது ஆட்டங்களில் டிரிக் ரூம் தெரிந்தால் பாஸ்குலிஜியனை விட்டுவிட்டு அமூங்கஸைக் கட்டாயம் அழைக்க வேண்டும், வேறு எதையும் மாற்றக் கூடாது. 31 வேகத்தில் இருக்கும் அமூங்கஸ், டிரிக் ரூமுக்குள் 49இல் இருக்கும் உர்சலூனாவுக்கு முன்பே எழுந்துவிடும். ஸ்போர் போட்டு உறங்கவைத்துவிடலாம் என்று நினைத்தேன்; ஃபிளேம் ஆர்ப் பிடித்த உர்சலூனாவோ முதல் சுற்றின் முடிவிலேயே தீப்புண் பட்டுவிடுவதால் அதற்கு உறக்கம் ஏறாது. அமூங்கஸின் உண்மையான வேலை ரேஜ் பவுடர் என்பதை இரண்டு ஆட்டங்கள் தோற்றுத்தான் கற்றேன். புல்லும் நஞ்சும் கலந்த அதற்கு நிலவகைத் தாக்குதல் சாதாரண அளவில்தான் வலிக்கும். ஆர்க்கலுடானுக்கு வரும் அடியைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் எலெக்ட்ரோ ஷாட்டுக்கு ஒரு சுற்றை வாங்கிக் கொடுத்தது. கூடவே, எதிரி டிரிக் ரூம் போன்ற தாக்காத செயல்களைச் செய்யவிடாமல் தடுக்கும் டாண்டை இன்சினரோருக்குக் கொடுத்தேன். டிரிக் ரூம் எப்போதும் சுற்றின் கடைசியில்தான் எழும்பும் என்பதால், டாண்ட் எவ்வளவு மந்தமான கையிலிருந்து வந்தாலும் முந்திவிடும். அது முன்னுரிமைத் தாக்குதல் அல்ல என்பதால் ஆர்மர் டெயிலும் தடுக்காது.

வெற்றிக் கணக்கைக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: முதல் நாற்பதில் இருபத்து மூன்று வெற்றி. இந்த எண்ணை நான் பெரிதாக நம்பவில்லை. காசைச் சுண்டி விளையாடினாலும் பத்தில் ஏழோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினேழு இருக்கிறது. பத்து ஆட்டங்களை வைத்து அணியைப் புகழ்வதும் பழிப்பதும் அந்தக் காசைப் புகழ்வதைப் போன்றதே. எனக்கு உதவியது தோற்ற பதினேழையும் ரீப்ளேயில் திரும்பப் பார்த்துப் பிரித்ததுதான். எதிரியின் கிரிட்டிக்கல் அடி போன்ற தற்செயலால் போனவை மூன்று. நடுவில் நான் செய்த பிழைகளால் போனவை நான்கு. அணியின் குறையால் போனவை இரண்டு, இரண்டுமே பெலிப்பரின் வேகம் பற்றியவை. மீதி எட்டும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, தவறான நால்வரை அழைத்த அந்தத் தொண்ணூறு விநாடிகளிலேயே தோற்றவை.

பகிர்வு 2

நண்பரே, நீங்கள் சந்தித்த அணியைப் போன்ற ஒன்றைத்தான் நான் பல மாதங்களாக ஆடிவருகிறேன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் ஃபாரிகிராஃபின்மேல் ஃபேக் அவுட் ஏவுபவர்களை இன்றும் சந்திக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன டாண்ட் என்னையும் ஒரு வாரம் அலைக்கழித்தது. அதற்கு மாற்றாக ஃபாரிகிராஃபுக்கு மென்டல் ஹெர்ப் என்னும் பொருளைக் கொடுத்தேன். டாண்ட் விழுந்த உடனே அது தின்னப்பட்டுத் தடை நீங்கிவிடும். இது முடிந்த தீர்வு என்று நினைத்துக்கொண்டு, அணி விவரங்களை இருவரும் முன்பே பார்த்துக்கொள்ளும் மூன்றாட்டத் தொடர்களுக்குப் போனேன். அங்கே தாக்குதல்கள், திறன், பொருள், ஆட்டத்தின் நடுவில் ஒருமுறை மாறிக்கொள்ளும் டெரா வகை எல்லாம் எதிரிக்குத் தெரியும். ஈவி புள்ளிகளை எங்கே இட்டோம் என்பது தெரியாது. மென்டல் ஹெர்பைப் பார்த்துவிட்ட ஒருவர் டாண்டை அழுத்தவே இல்லை. ஃபாரிகிராஃபை அவருடைய இரண்டு போக்கிமான்களும் சேர்ந்து முதல் சுற்றிலேயே அடித்து வீழ்த்தின, டிரிக் ரூம் எழும்பவே இல்லை.

ஒற்றை ஆட்டத் தரவரிசையில் (லேடரில்) மறைந்திருப்பதால் வெல்லும் ஒரு பொருள், எல்லாம் தெரிந்த தொடரில் அதே பலனைத் தருவதில்லை. நீங்கள் எந்த வகைப் போட்டிக்குப் போகிறீர்களோ அதே வகையில் சோதியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நாற்பது ஆட்டங்கள் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பெலிப்பரின் 76 வேகம் அணி விவரத்தில் தெரியாத ஒன்று என்பதால் இரண்டிலும் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

பகிர்வு 3

என் அனுபவம் பழையது. 2014 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க் பச்சிரிசுவை வைத்து வென்றபோது, அடுத்த நாளே நானும் எக்ஸ் விளையாட்டில் ஒரு பச்சிரிசுவை வளர்த்தேன். என் அணியில் கார்சோம்பும் டாலன்ஃபிளேமும் இருந்தன, அவர் அணியிலும் இருந்தன. அது போதும் என்று எண்ணினேன். பதினைந்து ஆட்டங்களுக்கு மேல் தொடர்ந்து தோற்றேன். பச்சிரிசு பலவீனமானது, அவர் அதிர்ஷ்டத்தில் வென்றார் என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன்.

அவர் அணியில் கியாரடோஸ் இருந்ததும் என் அணியில் இல்லாததும் பல மாதங்கள் கழித்தே எனக்குப் பொருள்பட்டது. கியாரடோஸுக்கு மின்வகைத் தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும். பச்சிரிசுவின் வோல்ட் அப்சார்ப் திறனோ மின்சாரத்தைக் குடித்து உடல்நலத்தைக் கூட்டிக்கொள்ளும். ஃபாலோ மீயால் எதிரியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்து, கியாரடோஸுக்கு நிற்க இடம் வாங்கித் தருவதே அந்தச் சின்ன அணிலின் பணி. அதற்காகவே அவர் அதை அடிதாங்கும்படி வளர்த்திருந்தார். நான் வேகத்தில் எல்லாப் புள்ளிகளையும் இட்டு, காப்பதற்கு யாருமே இல்லாத ஓர் அணியில் அதைக் காவலுக்கு நிறுத்தியிருந்தேன். உங்கள் அமூங்கஸ் ஆர்க்கலுடானுக்குச் செய்யும் வேலையைப் படித்தபோது எனக்கு அந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. இப்போதெல்லாம் வேறொருவர் அணியை எடுத்தால், ஒவ்வொரு போக்கிமானும் யாருக்காக அங்கே நிற்கிறது என்று ஒரு வரியில் எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்; எழுத முடியாத ஒன்று இருந்தால் அந்த அணியை ஆடத் தொடங்குவதில்லை.

பகிர்வு 4

இருவருக்கும் நன்றி. என் நாற்பதும் ஒற்றை ஆட்டங்கள்தான், அணி விவரம் தெரியாதவை. அந்தக் குறையை இப்போது உணர்கிறேன். மென்டல் ஹெர்பை நான் எதிர்பார்க்கவே இல்லை, டாண்டை அழுத்திவிட்டு டிரிக் ரூம் எழும்புவதைப் பார்த்த ஓர் ஆட்டத்தைத் தற்செயலின் கணக்கில் எழுதியிருக்கிறேன். அதைத் திருத்திவிட்டேன்.

அடுத்து மூன்றாட்டத் தொடர்களில் ஆர்க்கலுடானின் டெரா வகையைச் சோதிக்கப் போகிறேன். இப்போது ஃபேரி வகையில் இருக்கிறது. அது ஸ்னீஸ்லரின் சண்டைவகைத் தாக்குதலான குளோஸ் காம்பாட்டைப் பாதியாக்கும், ஹெட்லாங் ரஷ்ஷைச் சாதாரண அளவுக்கு இறக்கும், ஆனால் டையர் கிளா போன்ற நஞ்சுவகை அடிக்கு வாசலைத் திறந்துவிடும். புல்வகைக்கு மாற்றினால் நிலவகை பாதியாகும், எதிரி அமூங்கஸின் ஸ்போரும் ரேஜ் பவுடரும் பலிக்காது. நஞ்சுவகை அங்கேயும் இரட்டிப்பாகவே வலிக்கும். வேறு எதையும் தொடாமல் ஃபேரியில் பதினைந்து தொடர்களும் புல்லில் பதினைந்து தொடர்களும் ஆடிவிட்டு, டெராவை உண்மையில் எந்தச் சுற்றில், யாரை எதிர்த்துப் பயன்படுத்தினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.