எலி இதயத்தில் புரதச் சிதைவை அளப்பதில் சிக்கல், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரத்த அழுத்தச் சுமையில் இதயத் தசை தடிக்கும்போது புரத உற்பத்தி, சிதைவு இரண்டும் எப்படி மாறுகின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. தடிக்கும் இதயத்தில் இரண்டுமே வேகமெடுக்கலாம், அதனால் எடையை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

உடலியலாளர் லாங்கென்டார்ஃப் 1895-இல் காட்டிய வழியில், எலியின் இதயத்தைத் தனியே எடுத்துப் பெருந்தமனி வழியாகத் திரவம் செலுத்துகிறேன். அளவுகோல் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம். இதயத் தசை அதைத் தயாரிப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை. புரதத்தில் சேரும் அல்லது வெளியே வரும். சிதைந்து வந்தது மறுபடி புரதத்துக்குள் போகாமலிருக்க சைக்ளோஹெக்ஸிமைடு என்ற மருந்தைச் சேர்த்து உற்பத்தியை நிறுத்துகிறேன்.

சிக்கல் இங்கேதான். உற்பத்தி நின்றதும் செல்லுக்குள் அமினோ அமிலங்கள் தேங்கி, எம்டார் பாதையை (செல்லின் வளர்ச்சிச் சமிக்ஞையை) தூண்டி, தன்விழுங்கலை, அதாவது செல் தன் பாகங்களையே செரிப்பதை, அடக்கிவிடுகின்றன. அதாவது அளக்க வந்த சிதைவையே நான் சேர்க்கும் மருந்து குறைத்துக் காட்டலாம். புரதங்களைச் சிதைக்கும் இன்னொரு வழியான யுபிக்விட்டின்-புரோட்டியசோம் வழியின் பங்கு இதனால் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியுமோ என்று பயமாக இருக்கிறது.

சைக்ளோஹெக்ஸிமைடு இல்லாமல், ஐசோடோப்பால் குறியிட்ட ஃபீனைல்அலனினை முன்பே எலிக்குச் செலுத்தி, அப்புறம் குறியிடாததை அதிகமாக ஓட்டி அளந்தவர்கள் இருக்கிறீர்களா? குறியிட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? அற்பாயுள் புரதங்களின் கணக்கை எப்படிக் கழித்தீர்கள்? ஒவ்வொரு அளவீடும் ஓர் உயிர். வீணாக இன்னொரு எலியை எடுக்க மனம் வரவில்லை, அதனால்தான் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.