புதுப்பிப்பு: மதினிக்கு வந்தது வாயு இல்லை

ஐவிஎஃப்புக்கு (சோதனைக்குழாய் முறையில கருத்தரிக்கிற சிகிச்சை) கருமுட்டை எடுத்துட்டு அம்பாசமுத்திரம் வந்த மதினிக்கு வயிறு ஊதிக்கிட்டே போகுது, வாயுவான்னு இங்க கேட்டிருந்தேன். "உடனே கூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. இப்போ தேறிட்டாங்க.

வந்தது ஓஹெச்எஸ்எஸ், அதாவது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுற கோளாறு. முட்டை வளரப் போடுற தூண்டல் ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறிப் பெருத்து, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிஞ்சு வயித்துல தேங்குது. வயிறு நிறைய நீர், ஆனா ரத்தம் கெட்டியாகுது. சிறுநீர் குறையுறதும், ரத்தம் உறையுற ஆபத்தும் அதனாலதான்.

பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். அவசரப் பிரிவுல நுழைஞ்சதுமே அண்ணன் "முட்டை எடுத்திருக்கு"ன்னு சொன்னது பெரிய உதவி. ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு, 47 சதவீதம். 45ஐத் தாண்டினாலே தீவிரமாம். ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசி போட்டு நீரை எடுத்தாங்க, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின். நர்ஸம்மா தினமும் காலையில தொப்புள் மட்டத்துல டேப் வெச்சு வயித்தை அளந்து, எடை பார்த்து, சிறுநீரை அளவு ஜாடியில ஊத்திக் குறிச்சுக்கிட்டாங்க.

பெரியம்மா நீர் மாத்திரை கேட்டாங்க. டாக்டர் மறுத்துட்டார், ரத்தம் இன்னும் கெட்டியாகுமாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் கூடாது.

கருவை உறையவெச்சிருக்காங்க. கர்ப்பம் தரிச்சா இந்தக் கோளாறு நீளும்னு இந்த மாசம் கருவைக் கருப்பையில வைக்கல.

முட்டை எடுத்தவங்க வீட்டுல மூச்சுத்திணறல், திடீர்னு ஒரு பக்க அடிவயித்து வலி, கால் வீக்கம், கழுத்து வீக்கம் எது தெரிஞ்சாலும் விடியட்டும்னு இருக்காதீங்க. சிகிச்சை சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க.