ஸ்வாராவுக்குத் தமிழ்ச்சொல்: 'பழியீட்டு மணம்' சரியா வருமா?

ஸ்வாராவை 'இஸ்லாமியத் தண்டனை மணம்'னு எழுதலாம்னு வந்த பரிந்துரையை நான் ஏத்துக்கவே மாட்டேன் ஐயா. அங்க நடக்கிறதைப் பாருங்க, பாகிஸ்தான்ல கைபர் பக்தூன்க்வா பக்கம் ஒருத்தன் கொலை பண்ணிடுறான், ரெண்டு குடும்பமும் மாறி மாறி வெட்டிக்கக் கூடாதுன்னு ஜிர்கா, அதாவது ஊர்ப் பெரியவங்க பஞ்சாயத்து கூடி, கொலைகாரன் வீட்டுப் பொண்ணை, சில சமயம் விவரமே தெரியாத குழந்தையை, எதிராளி வீட்டுல கட்டிக் கொடுத்து கணக்கைத் தீர்த்துடுறாங்க. அண்ணன் செஞ்சதுக்கு தங்கச்சி ஆயுசு முழுக்க ஏச்சு கேக்கணும். பஞ்சாப்ல இதுக்கு வனின்னு பேரு.

இதுல மார்க்கம் எங்க இருக்கு? ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் சுமக்க மாட்டார்னு குர்ஆன் 6:164 நேராவே சொல்லுது. கன்ஸாங்கிற பெண்மணி தன் சம்மதமில்லாம அப்பா கட்டி வச்சாருன்னு முறையிட்டப்ப நபி அந்தத் திருமணத்தையே ரத்து பண்ணினாங்க, புகாரி ஹதீஸ் தொகுப்புல, அதாவது நபியோட சொல், செயல் பத்தின பதிவுல இருக்கு. 2021ல பாகிஸ்தானோட ஃபெடரல் ஷரீஅத் கோர்ட்டே ஸ்வாரா இஸ்லாத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லியாச்சு. இதோட வேர் பக்தூன்வாலிங்கிற பஷ்தூன் மக்களோட மரபு நெறியில, 'பதல்'ங்கிற பழிவாங்கும் கடமையில இருக்கு.

அதனால என் பரிந்துரை 'பழியீட்டு மணம்'. தண்டனைன்னா தப்பு செஞ்சவனுக்கு, இங்க தப்பே செய்யாதவளை ஈடா வைக்கிறாங்க, அந்த அநியாயம் சொல்லுக்குள்ளயே தெரியணும். தியத்தோட குழம்பும்னு ஒரு ஆட்சேபம் வரலாம், நியாயம்தான். ஆனா தியத் குர்ஆன் 4:92ல வர்ற நஷ்டஈடு, கொல்லப்பட்டவர் குடும்பத்துக்குக் கொடுக்கிறது, அதை 'உயிரீட்டுத் தொகை'ன்னு தனியா வச்சுக்கலாம். பக்தூன்வாலி மாதிரியானதுக்குப் பொதுவா 'குலவழக்கு' போதும்.

ஆயுதக் குழுக்கள் செய்யறதை மார்க்கம், குலவழக்கு இந்த ரெண்டுலயும் சேர்க்காதீங்க. 2014 டிசம்பர் 16ல பெஷாவர் பள்ளிக்கூடத்துல 140 பேருக்கு மேல, பெரும்பாலும் பிள்ளைங்க, சுட்டுக் கொன்னாங்களே, அதுக்கு எந்தக் குலவழக்கும் இடம் கொடுக்காது, போர்லயே பிள்ளைகளைக் கொல்லக் கூடாதுன்னு ஹதீஸ் இருக்கு. அதை 'ஆயுதக்குழு வன்முறை'ன்னே எழுதுவோம், 'ஜிஹாத்'னு அவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட பேரை நாம எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஆப்கானிஸ்தான்ல மட்டும் கோடு குழம்பும், அங்க தாலிபான் 2021 டிசம்பர்ல பகை தீர்க்கப் பொண்ணைக் கொடுக்கக் கூடாதுன்னு ஆணை போட்டுச்சு, ஆனா அடுத்த வருஷமே பொண்ணுங்களுக்குப் பல்கலைக்கழகத்தை மூடினப்ப அது ஷரீஅத்துக்கு முரண்னு எகிப்துல இருக்கிற அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையத்தோட தலைமை இமாம் கண்டிச்சாரு. அந்த மாதிரி இடத்துல யார் போட்ட ஆணைன்னு பேர் சொல்லி எழுதுறதுதான் நேர்மை.

'பழியீட்டு மணம்' இல்ல 'பகையீட்டு மணம்', எது பொருந்தும்னு சொல்லுங்க.