செலவைக் குறைப்போம் என்று ஓட்டு கேட்டவர்கள் உண்மையிலேயே குறைத்திருக்கிறார்களா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
எங்கள் பகுதிக்கு ஓட்டு கேட்டு வருகிறவர்கள் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்கிறார்கள். மாதாமாதம் பணம் தருவோம், அரசாங்கத்தின் வீண் செலவைக் குறைத்துக் கடனையும் அடைப்போம். தமிழக அரசு தன் நிதி நிலை பற்றி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2.63 லட்சம் ரூபாய் கடன் என்று போட்டிருந்தார்கள், அதற்குப் பிறகும் கடன் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கட்சிச் சண்டை வேண்டாம். சொன்னபடி செலவைக் குறைத்த ஆட்சி ஒன்றையாவது யாராவது காட்ட முடியுமா?

பழைய பெரம்பூர்:
தம்பி, நான் பார்த்தவரை சொல்லிவிட்டுக் குறைத்தவர் இங்கே யாரும் இல்லை. சொல்லாமல் குறைத்த காலம் ஒன்று உண்டு, 2001இல் வந்த ஜெயலலிதா ஆட்சியின் முதல் மூன்று வருஷம். தேர்தல் மேடையில் அந்தப் பேச்சே வந்ததாக எனக்கு நினைவில்லை, ஜெயித்த பிறகுதான் கஜானா காலி என்று வெள்ளை அறிக்கை வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கைவைத்தார்கள். வருமானம் கூடுதல் என்று கணக்கிட்ட குடும்பங்களின் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். கடைசி வரை வரிசையில் நின்று, கார்டை நீட்டி, உங்களுக்கு அரிசி இல்லை என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டுத் திரும்புவது எவ்வளவு அவமானம் என்று அப்போது நின்றவர்களுக்குத் தெரியும். விவசாயிகளின் இலவச மின்சாரம் போனது. 2003 ஏப்ரலிலிருந்து வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரேயடியாக டிஸ்மிஸ்.

2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் தோற்றார்கள். அந்த மாதமே 'எச்' முத்திரை போனது, இலவச மின்சாரம் திரும்பி வந்தது. ஓய்வூதிய மாற்றம் மட்டும் அப்படியே நின்றது, ஏனென்றால் அது இனிமேல் வேலைக்கு வரப்போகிறவனைத்தான் அடித்தது, அவனுக்காக அன்றைக்குக் கொடி பிடிக்க ஆள் இல்லை. இதையெல்லாம் பார்த்த பிறகு எந்தக் கட்சி துணியும்?

தண்டையார்பேட்டை கணக்கர்:
சார் சொல்வது சரி. பணம் எங்கே போகிறது என்று பார்த்தாலே புரியும். மாநில வருவாயில் பாதிக்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், வட்டி இந்த மூன்றுக்கே போய்விடுகிறது. மேடையில் சொல்லும் வீண் செலவு என்பது விமான டிக்கெட், விளம்பரம், மேசை நாற்காலி. 2020 மே மாதம் கொரோனாவின்போது போட்ட சிக்கன உத்தரவும் பெரும்பாலும் அதைத்தான் தொட்டது. அதே மாதம் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள், அடுத்த வருஷம் 60. ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்கவேண்டிய தொகை தள்ளிப்போனது, கணக்கு தீரவில்லை. தங்களுக்கு என்று வரும்போது எப்படி என்றால், 2017 ஜூலையில் எம்.எல்.ஏ. சம்பளம் 55,000இலிருந்து 1,05,000 ஆனது.

வியாசர்பாடி மகள்:
குறைக்கவே இல்லை என்று சொல்லாதீர்கள் அண்ணா. கீழ்மட்டத்தில் குறைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடுவதில்லை, போட்டாலும் ஒப்பந்தத்தில். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள், 13ஆம் தேதி ராத்திரி போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரம், அதுவும் தேர்தல் நேரத்தில் கொடுத்த வாக்குதான். நம் தெருவைக் கூட்டுகிற பெண்ணின் கூலியில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சிக்கனமாகத் தெரியவில்லை, ரொம்பக் கோபம் வருகிறது.

கொருக்குப்பேட்டைக்காரன்:
சரிதான் அக்கா. அப்படியென்றால் ஓட்டு கேட்டு வருகிறவரிடம் என்னதான் கேட்பது?

தண்டையார்பேட்டை கணக்கர்:
எந்தத் துறையில், எந்த வருஷத்துக்குள், எவ்வளவு குறைப்பீர்கள், அதனால் யார் வேலை போகும் என்று கேளுங்கள். ஜெயித்த பிறகு நிதித்துறை இணையதளத்தில் பட்ஜெட் புத்தகம் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் முந்தைய வருஷத்துக் கணக்கு, இந்த வருஷத் திருத்திய மதிப்பீடு, அடுத்த வருஷ மதிப்பீடு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு துறையை மட்டும் எடுத்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.