புது கார் இடது பக்கம் இழுக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
கார் வாங்கி 19 நாள்தான் ஆகிறது, 640 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 60-ஐத் தாண்டினால் இடது பக்கம் இழுக்கிறது. ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்தே தோள் வலிக்கிறது. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை போனேன். "புது வண்டி, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஆசையாக வாங்கிய வண்டி. அம்மாவை உட்கார வைத்து ஓட்டவே பயமாக இருக்கிறது.

பதில் 1:
ஓட ஓடச் சரியாகிற கோளாறு இல்லை இது. டயர் சூடாகும் முன் நான்கிலும் காற்றைப் பாருங்கள். சாலை ஓரமாகச் சரிந்திருந்தாலும் வண்டி அந்தப் பக்கம் போகும், அதனால் சமமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள்.

பதில் 2:
எனக்கும் இதேதான் நடந்தது. மூன்று முறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்தும் பலனில்லை. கடைசியில் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டதும் இழுப்பு வலது பக்கம் போனது. குறை டயரில்! வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மட்டும் இப்படி மாற்ற வேண்டாம்.

பதில் 3:
வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் தாள்) குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

கேட்டவர்:
காற்று சரியாகத்தான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அம்புக்குறியும் இல்லை. நாளை காலை டயரை மாற்றிப் போடச் சொல்கிறேன், அப்புறம் வந்து எழுதுகிறேன்.