பேசி முடித்துவிடலாம் என்கிறார் நாயின் சொந்தக்காரர்

அகிலா: யாழினியை மாடிப்படியில் கீழ்வீட்டு நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் நாலு பல் பதிந்திருக்கிறது, ஒரு இடத்தில் தோல் கிழிந்து தொங்குகிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

செல்வி சித்தி: கிளம்பும் முன் குழாயைத் திறந்து காலை அதன் அடியில் வை. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு. அழுதாலும் விடாதே. வேறு எதையும் பூச வேண்டாம்.

குமரன்: கழுவிக்கொண்டிருக்கிறோம் அத்தை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்கிறார் கீழ்வீட்டுக்காரர்.

செல்வி சித்தி: போட்டிருக்கட்டும். அட்டையைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. அவர் சொன்னார் என்று தாமதிக்க வேண்டாம். ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. இப்போதே ஊசி போட்டால் தடுத்துவிடலாம். தோல் கிழிந்திருப்பதால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். டெட்டனஸ் ஊசி விவரமும் கையில் இருக்கட்டும்.

ராகவன் மாமா: கட்டுப் போடும் முன் படம் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, முகமும் காலும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று. அவள் போட்டிருந்த உடையைத் துவைக்க வேண்டாம், அப்படியே எடுத்து வையுங்கள்.

தீபா: மாமா, குழந்தை வலியில் இருக்கும்போது வக்கீல் வேலை இப்போதே வேண்டுமா?

ராகவன் மாமா: வேண்டும் தீபா. காயம் ஆறிவிடும், பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள். கேமரா பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம். ஆதாரத்தைப் பிறகு உண்டாக்க முடியாது.

குமரன்: ஊசி போட்டாயிற்று. திரும்பி வந்ததும் கீழ்வீட்டுக்காரர் வந்தார். மருத்துவச் செலவைத் தருகிறாராம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். நாயை வெளியூருக்கு அனுப்பிவிடுகிறேன் என்கிறார்.

பெரியப்பா: நல்ல மனிதர்தானே குமரா. தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர். வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம்.

செல்வி சித்தி: நாய் எங்கேயும் போகக் கூடாது! 10 நாள் கண்ணெதிரே கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். 10 நாளும் ஆரோக்கியமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று அர்த்தம். அதுவரை ஊசிகளை நிறுத்த வேண்டாம்.

ராகவன் மாமா: கையெழுத்து வேண்டவே வேண்டாம். பெரியப்பா சொல்வது புரிகிறது, அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கிழிந்த இடத்தில் தழும்பு எப்படி நிற்கும் என்று தெரியவே பல மாதம் ஆகும். காயத்தில் சீழ் பிடிக்கலாம், பிறகு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இவள் இனி படியில் தனியாக இறங்குவாளா என்பதே தெரியாது. அந்தப் பயத்துக்கு ஆலோசனை தேவைப்பட்டால் அதுவும் செலவுதான். இதையெல்லாம் இன்றைய ஊசிச் செலவோடு முடித்துவிடச் சொல்கிறது அந்தத் தாள். குழந்தை சார்பில் செய்யும் சமரசத்துக்குப் பல நாடுகளில் நீதிமன்ற ஒப்புதலே வேண்டும்.

அகிலா: அவள்தான் வாலை இழுத்தாள் என்று அவர் மனைவி படியில் நின்று சொன்னார் மாமா. நான் பின்னால்தான் வந்தேன், இவள் நாயைத் தொடவே இல்லை. எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

ராகவன் மாமா: சண்டை போடாதே அம்மா. நாயைச் சீண்டினார்களா என்பது இந்த வழக்குகளில் முதலில் வரும் கேள்வி. நீ பார்த்ததை இன்றே தேதி போட்டு எழுதிவை. யாழினியை ஒரே ஒரு தடவை, அவள் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய். நடுவில் எடுத்துக்கொடுக்காதே.

தீபா: இதற்கு முன் அந்த நாய் யாரையும் கடித்ததில்லையே. கேஸ் நிற்குமா?

ராகவன் மாமா: அது இடத்துக்கு இடம் மாறும். சில நாடுகளில் முதல் கடிக்கே சொந்தக்காரர் பொறுப்பு. சில இடங்களில் நாயின் முரட்டுக் குணம் அவருக்குத் தெரியும் என்றோ, அவர் அஜாக்கிரதையாக இருந்தார் என்றோ காட்ட வேண்டும். அதனால்தான் முன்பு அது பாய்ந்ததையோ துரத்தியதையோ பார்த்தவர்கள் முக்கியம். உள்ளாட்சியிலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உள்ளூர் வக்கீலைச் சீக்கிரம் பார்த்து, வழக்குத் தொடுக்க எவ்வளவு காலம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பெரியப்பா: சரி, அந்த மனிதரை நடுத்தெருவில் நிறுத்துவதாக ஆகிவிடாதே?

ராகவன் மாமா: அவருக்கு வீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். சில நாடுகளில் நாய்க்கடி அதிலேயே அடங்கும், பணத்தை நிறுவனம்தான் கொடுக்கும். அங்கிருந்து போன் வந்தால் ‘சின்னக் காயம்தான்’ என்று மரியாதைக்குக்கூடச் சொல்லிவிட வேண்டாம்.

குமரன்: பேசிவிட்டேன். நாய் இங்கேயே கட்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படிக்கட்டுக் கேமரா பதிவும் கிடைத்தது, உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன் மாமா.

ராகவன் மாமா: அனுப்புங்கள். அந்தப் பதிவையோ குழந்தையின் படத்தையோ யாரும் ஸ்டேட்டஸில் போட வேண்டாம், வேறு குழுவுக்கும் அனுப்ப வேண்டாம்.

செல்வி சித்தி: அகிலா, அடுத்த ஊசித் தேதியை இங்கே போடு. அன்று நான் கூட வருகிறேன்.